எழுத மனசு வராத நோட்டுகள்

என் மனைவி பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷத்துக்குச் சம்பளமில்லாத லீவு எடுத்தபோது, அவளுக்கு உடம்பு சரியில்லை என்று எங்கள் தெரு முடிவு செய்துவிட்டது. காசநோய் சானடோரியத்துக்கு ஒரு ஸ்டேஷன் தள்ளி, மேற்குத் தாம்பரத்தில் குடியிருப்பவர்களுக்கு நீண்ட லீவு என்றால் நினைப்பு நேராக நுரையீரலுக்குத்தான் போகும். இரண்டு குடும்பங்கள் சாத்துக்குடிப் பையோடு வந்து பார்த்தன. இருமல் உண்டா என்று விசாரித்தன. அவள் நோட்டுப் புத்தகம் தைத்து விற்பதற்காக லீவு எடுத்திருக்கிறாள் என்று நான் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு கலக்கம் வந்தது. இருமல் உண்டு என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்கள். சாத்துக்குடியைக் கொடுப்பதா, திரும்ப எடுத்துப் போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இது எழுபதுகளின் தொடக்கத்தில். அவள் பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவியமும் கைவேலையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பாரிமுனைப் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. காலையில் மின்சார ரயிலில் போவேன், சாயங்காலம் அதே ரயிலில் திரும்பி வருவேன். நடுவில் என்ன செய்தாய் என்று யாரும் கேட்டதில்லை. ரயிலில் படித்த புத்தகங்களைக் கணக்குப் போட்டால், எனக்குச் சம்பளம் கொடுத்ததே படிப்பதற்குத்தான் என்று தோன்றும். ஆனால் ஒரு புத்தகம் எதனால் பிரிந்து விழாமல் நிற்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் யோசித்தாள். என்னுடைய அகராதியை முதுகுப் பக்கம் பிளேடால் கீறி, உள்ளே எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தாள். திரும்பத் தைத்தபோது ‘க’ வரிசை முழுவதும் ‘ம’வுக்குப் பின்னால் போய்விட்டது. இன்றைக்கும் எனக்குக் ‘கவலை’ வேண்டுமென்றால் ‘மௌனம்’ தாண்டித்தான் போக வேண்டும்.

அந்த அகராதியில்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவளுக்கு வகுப்பில் கால் தரிக்கவில்லை. தைத்த புத்தகம் செய்து விற்றே பிழைக்க முடியுமா என்று ஒரு வருஷம் பார்த்துவிட வேண்டும் என்றாள். தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. எல்லாரும் அவரைப் பெரிய டீச்சர் என்போம். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஜூனில் பள்ளி திறக்கும்போது திரும்ப வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும். இரண்டும் கெட்டானாக அவரால் இடத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது. எங்களுக்குள் நாங்களும் ஒன்று பேசிக்கொண்டோம். ஒருமுறை வாங்கியவர்கள் இன்னொரு நோட்டுக்காகத் திரும்ப வந்தால் தொழில் நிற்கும். வராவிட்டால் சாக்பீஸ்.

முதலில் ஒரு பிரஸ் வேண்டியிருந்தது. எங்கள் ஆபீஸ் குடோனில் வெள்ளைக்காரன் காலத்து இரும்புத் திருகு பிரஸ் ஒன்று கிடந்தது. கடிதத்தை ஈரத் தாளோடு வைத்து நசுக்கி நகல் எடுப்பதற்காக அந்தக் காலத்தில் வைத்திருந்தது. பழைய இரும்பு ஏலத்தில் அதை நான் எடுத்தேன். ஒட்டிய அட்டையை வளையாமல் காயவைக்க அதைவிட நல்ல சாதனம் கிடையாது என்பது அவள் கண்டுபிடிப்பு. அதைத் தாம்பரம் கொண்டுவந்து சேர்த்தது என் வாழ்க்கையின் ஒரே வீரச்செயல். கூடைக்காரம்மாக்கள் ஏறும் பெட்டியில்தான் ஏற்ற முடிந்தது. கிண்டி தாண்டியதும் மீன்கூடை அம்மா ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, யானைக்குப் பொறியா?” என்றார். புத்தகம் செய்வதற்கு என்றேன். மீனம்பாக்கம் வரைக்கும் யோசித்துவிட்டு, “புஸ்தகத்துக்கு இம்மாம் பெரிய தண்டனையா?” என்றார். பின்னால் நாங்கள் செய்த சில புத்தகங்களைப் பார்த்தபோது அந்த அம்மா நினைவுதான் வந்தது.

தாள் எங்களுக்கு மார்க்கெட் தெருவில் இருந்த பேப்பர் கடை பாயிடமிருந்து வந்தது. பெரிய தாள்களை வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளை எடைக்குத் தருவார். மைதாப் பசை அடுப்பில் காய்ச்சினாள், பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போட்டாள். அது விஷம் என்று தெரியாமல் நான் ஒருநாள் விரலால் வழித்து நக்கிப் பார்க்கப் போய், ஆயுளில் முதல் தடவையாக அவள் என் கையில் அடித்தாள். அட்டை மேல் ஒட்டும் கோலத் தாளையும் வீட்டிலேயே செய்தாள். குளிக்கும் அண்டாவில் ஜவ்வரிசிக் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றி, மண்ணெண்ணெயில் இளக்கிய பெயின்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சீப்பால் ஓர் இழுப்பு இழுப்பாள். மிதக்கிற வண்ணத்தின் மேல் தாளைப் படுக்கவைத்து எடுத்தால், அதில் மயில் கழுத்து மாதிரி ஒன்று வந்திருக்கும். ஒன்று மாதிரி இன்னொன்று வரவே வராது. அது ஏன் என்று பார்ப்பதற்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்காமல் இருந்தேன். அண்டாவும் காலியாக இருக்காது.

கார்டு பிசினஸ் தனி. ஆபீஸில் கிழித்துப் போட்ட பழைய தரைவிரிப்பு லினோலியத்தில் அவள் படம் செதுக்குவாள், நான் மை உருட்டுவேன். கிறிஸ்துமஸ், பொங்கல், ரம்ஜான் என்று மூன்று வகை வாழ்த்து. செதுக்கியது தாளில் விழும்போது இடம் வலமாகும் என்பது எங்களுக்குத் தெரியும்; ஆனால் பிறை நிலாவுக்கும் இடம் வலம் உண்டு என்பது தோன்றவில்லை. அச்சடித்த ரம்ஜான் கார்டு கட்டைப் பாயிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார்.

“சார், இது தேயற பிறை. இதை அனுப்பினா, பெருநாள் இன்னும் வரல, ஒழுங்கா நோன்பு இருங்கன்னு அர்த்தம்.”

அந்தக் கட்டு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார், நோன்பு இருக்காத மச்சான்களுக்கு அனுப்புவதற்காம்.

கார்டு விற்றது. ஞாயிறு ஆராதனை முடிந்து வருபவர்களிடம், ஆபீஸில், ரயிலில் எல்லாம் விற்றது. ஆனால் கார்டுக்கு டிசம்பர், ஜனவரி, நோன்புப் பெருநாள் என்று கொஞ்ச நாள்தான் வாழ்வு. மிச்ச மாசங்களுக்கு நோட்டுதான் சோறு போட வேண்டும். நோட்டும் விற்றது, அதில்தான் விசித்திரம். பார்த்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், விலையைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டு வாங்கியும் போனார்கள். ஒருவர்கூடத் திரும்ப வரவில்லை. கார்டு வாங்கியவர்கள் திரும்ப வந்தார்கள், போன பண்டிகைக் கார்டைப் பற்றிக் குறை சொல்வதற்காவது வந்தார்கள். நோட்டு வாங்கியவர்கள் கிணற்றில் போட்ட கல் மாதிரி மறைந்தார்கள்.

பொங்கல் முடிந்து மாசி பிறந்ததும் எனக்கு அரிப்புத் தாங்கவில்லை. அந்த நோட்டுகளுக்கு என்ன ஆகிறது? ஜனங்கள் என்னதான் எழுதுகிறார்கள்? ஒரு சனிக்கிழமை ஸ்கேல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அட்டை வளைந்திருக்கிறதா, பூச்சி பிடித்திருக்கிறதா என்று சரிபார்க்க வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு, வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் கிளம்பிவிட்டேன். ஸ்கேல் எதற்கு என்று எனக்கே தெரியாது. ஆனால் கையில் ஸ்கேல் இருந்தால் நம் நாட்டில் யாரும் உள்ளே விடாமல் இருக்க மாட்டார்கள்.

சிட்லபாக்கத்தில் மளிகைக்கடைக்காரர் வீட்டில் நோட்டு ஷோகேஸில் இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி வாத்து, இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் ரோஜா. சரக்குக் கணக்கு எழுத வாங்கியதாகச் சொன்னீர்களே என்று ஞாபகப்படுத்தினேன்.

“இதுல போயி எவனாவது எய்துவானா சார்?” என்றார் அவர், என் புத்தியை மெதுவாகச் சந்தேகிக்கிற குரலில். “எம்மாம் அயகா கீது. பருப்பு, புளின்னு எய்தி நாஸ்தி பண்ணச் சொல்றியா?”

குரோம்பேட்டையில் ஒரு பாங்க் ஊழியர் வீட்டில் நோட்டு பூஜை அலமாரியில் இருந்தது. முதல் பக்கத்தில் மேலே ஒரு பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். அதற்குக் கீழே வெள்ளை. சுழி போட்ட பிறகு முதலில் ஏதாவது நல்ல விஷயமாக எழுத வேண்டுமாம். நல்ல விஷயம் இன்னும் நடக்கவில்லையாம். அதனால் சரஸ்வதி பூஜைக்கு அதைப் புத்தகங்களோடு அடுக்கி வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். எங்கள் சரக்கு கும்பிடப்பட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆனால் கும்பிடுகிற பொருளை யாரும் மாசாமாசம் புதிதாக வாங்குவதில்லை. சேலையூரில் ஒரு காலேஜ் வாத்தியார், கவிதை எழுதுவதற்கென்று வாங்கியவர், பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் கையெழுத்துப் பழகிக்கொண்டிருந்தார். கையெழுத்து நோட்டுக்குத் தகுந்ததாக ஆனதும் ஆரம்பிப்பாராம். அவர் எழுத்தைப் பார்த்தேன். நம் காலத்தில் ஆகாது.

இப்படியே போன இடமெல்லாம். பட்டுப் புடவைகளுக்கு நடுவில் ஒன்று. மகள் கல்யாணத்துக்கென்று பிரவுன் தாள் சுற்றி, கட்டி, பரண் மேல் ஒன்று. எங்கேயும் ஒரு வரி கிடையாது.

நான் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் நகைச்சுவையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பசை காய்ந்த விரலை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்போ நான் தைக்கிறது நோட்டு இல்லை,” என்றாள் கடைசியில். “பொம்மை.”

வராமல் போன வியாபாரம் அவளைத் தொட்டதாகத் தெரியவில்லை. பிரித்தால் தட்டையாகப் படுக்க வேண்டும், மடித்தால் முதுகு விரியக் கூடாது, ஊற்றுப்பேனா மை ஊறக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்ததெல்லாம் ஒருவர் அதில் எழுத வேண்டும் என்பதற்காக. அதைக் கண்ணாடி வாத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அதே வாரம் பெரிய டீச்சர் பியூன் மூலம் சொல்லி அனுப்பினார்: கோடை லீவு முடிவதற்குள் முடிவு தெரிய வேண்டும், ஓவிய டீச்சர் வேலைக்கு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.

பெருங்களத்தூர் பெரியவர் வந்தது அதற்கு அடுத்த ஞாயிறு. ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், குடையும் கையுமாக நடந்தே வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எங்கள் நோட்டு ஒன்றை என் முன்னால் நீட்டினார்.

“மிஸ்டர், இது உங்க சரக்குதானே?”

ஒத்துக்கொண்டேன்.

“முதல் பக்கத்தைப் படிங்க. வாய்விட்டு.”

படித்தேன். ‘ஐயா, எனக்கு நேற்று முதல் கடுமையான வயிற்றுக் கடுப்பு இருப்பதால் இன்று ஒருநாள்.’ அதோடு நின்றிருந்தது. கையெழுத்து என்னுடையது.

“யாருக்கு வயித்துக் கடுப்பு?”

“எனக்கு சார்.”

“எப்போ?”

“அப்படியெல்லாம் இல்ல சார், சும்மா…”

“சும்மா ஒரு மனுஷனுக்கு வயித்துக் கடுப்பு வருமா, மிஸ்டர்?”

விஷயம் இதுதான். புதுத் தாள் வந்தால் மை ஊறுகிறதா என்று எழுதிப் பார்ப்பது என் வேலை. துண்டுத் தாளில்தான் எழுத வேண்டும். ஒருநாள் கைக்கு எட்டியது தைத்து முடித்த நோட்டாக இருந்திருக்கிறது. என் கை குமாஸ்தாவின் கை. பேனாவைக் கொடுத்துச் சும்மா ஏதாவது எழுது என்றால் அது லீவு லெட்டர்தான் எழுதும். மை ஊறவில்லை என்று திருப்தியாகி மூடி அடுக்கிவிட்டேன். அதுதான் பெருங்களத்தூருக்குப் போயிருக்கிறது.

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் நோட்டை என் கையிலிருந்து வாங்கிப் பக்கத்தைப் புரட்டினாள். வயிற்றுக் கடுப்புக்குக் கீழேயே, என் மேல் ஒரு புகார் மனு, பெரியவரின் குண்டுக் கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு. அடுத்த பக்கம் அதே புகார், இன்னும் காரமாக. அதற்கு அடுத்தது தெருவிளக்கு எரியாதது பற்றிப் பஞ்சாயத்துக்கு. பிறகு சாக்கடை, பக்கத்து வீட்டு ஆடு, எட்டு மணி ரயிலின் தாமதம், மறுபடி ஆடு. கடைசிப் பக்கம் வரை ஒரு விரல் அகலம் இடம் இல்லை. ஊற்றுப்பேனா மை எங்கேயும் ஊறவும் இல்லை.

அவள் புரட்டிக்கொண்டே போனதைப் பார்த்தேன். யாராவது தன் சொந்தப் பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

“சார், உங்களுக்கு மட்டும் எப்படி இதுல எழுத மனசு வந்துது?”

அவர் அவளை வினோதமாகப் பார்த்தார். “அதான் ஏற்கெனவே கெட்டுப்போச்சேம்மா. இனிமே நான் கெடுக்க என்ன இருக்கு?” பிறகு என் பக்கம் திரும்பி, தான் வந்த காரியம் இரண்டு என்றார். ஒன்று, புகாரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு, இன்னொரு நோட்டு வேண்டும், இந்தத் தடவை வெற்று நோட்டு.

திரும்ப வந்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். சுத்தமான நோட்டாகப் பார்த்துக் கொடுத்தோம். கொஞ்ச நாள் கழித்து அவரை மார்க்கெட்டில் பார்த்தேன். நோட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பத்திரமாகப் பீரோவில் இருக்கிறதாம். மனுக்களை இப்போது பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

இதை வீட்டில் சொன்னபோது அவள் ஊசியைக் கீழே வைத்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. மறுநாளே தைத்து முடித்த நோட்டுகளின் முதல் பக்கத்தைக் கெடுக்க ஆரம்பித்தாள். ஒன்றில் மைத்துளி விட்டாள். ஒன்றில் ஒரு வரி எழுதி அடித்தாள். இது போகாது என்றேன். எதிர்பார்த்த மாதிரியே ஒன்றும் போகவில்லை. எடுத்துப் பார்த்தவர்கள் கறையைக் காட்டி வேறு நோட்டுக் கேட்டார்கள். கறை இல்லாததை எடுத்துப் போய் ஷோகேஸில் வைத்தார்கள். கெட்டுப்போன நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள், கெடாத நோட்டில் யாரும் எழுத மாட்டார்கள். நான் எத்தனையோ தத்துவப் புத்தகங்கள் படித்திருக்கிறேன், இவ்வளவு இறுக்கமான முடிச்சை எதிலும் பார்த்ததில்லை. பேப்பர் கடை பாய் விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “டீச்சரம்மா, கெட்ட சரக்கை நல்ல சரக்குன்னு விக்கறவனை நிறையப் பார்த்திருக்கேன். நல்ல சரக்கை வேலை மெனக்கெட்டுக் கெடுத்து விக்கறவங்களை இப்பத்தான் பார்க்கறேன்.”

அப்போது நாங்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு சாக்கு விரித்து விற்க ஆரம்பித்திருந்தோம். நான் அதற்காக லீவு போடுவேன், என்ன காரணம் எழுதினேன் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு நர்ஸம்மா சிவப்பு முதுகு வைத்த நோட்டு ஒன்றைப் பேரம் பேசி வாங்கிப் பையில் போடப் போனார். என் மனைவி, ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று அதைத் திரும்ப வாங்கினாள். பேனாவைத் திறந்தாள்.

“இன்னிக்கு உங்க வீட்ல என்ன குழம்பு?”

“வத்தக்குழம்பு. ஏங்க?”

அவள் முதல் பக்கத்தில், பெரிதாக, சாதாரணக் கையெழுத்தில், ‘இன்று வத்தக்குழம்பு’ என்று எழுதினாள். எழுதி, ஊதி, மூடி, நீட்டினாள். நர்ஸம்மா வாயைத் திறந்தபடி நின்றார். இனி என்ன செய்ய? காசு கொடுத்தாகிவிட்டது. வத்தக்குழம்பும் உண்மைதான். அவர் கோபப்படுவார் என்று நான் சாக்கைச் சுருட்டத் தயாராக இருந்தேன். அவர் பக்கத்தைத் திரும்பப் பிரித்துப் பார்த்தார். “உப்பு ஜாஸ்தின்னும் எழுதியிருக்கலாம்,” என்றார்.

“அதை நீங்க எழுதிக்கங்க,” என்றாள் இவள்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். காசு வாங்கியதும் குழம்பு. ஒருவர் சுழி போடச் சொல்வார், ஒருவர் சின்னச் சிலுவை, ஒருவர் 786. கேட்டதை மேலே போட்டுக் கொடுத்துவிட்டு அதற்குக் கீழே குழம்பை எழுதுவாள். மேலே தெய்வம், கீழே குழம்பு. இந்த வரிசையை எந்த மதத்துக்காரரும் ஆட்சேபிக்கவில்லை. எழுதப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சில வீடுகளில் குழம்பின் தரம் உயர்ந்தது உண்மை. ரசத்தைத் தவிர வேறெதுவும் பார்த்திராத முகம் ஒன்று கோழிக் குருமா என்று கூசாமல் சொன்னது. இரண்டு பேர் சண்டைக்கும் வந்தார்கள், மாற்றிக் கொடுத்தோம். மாற்றிக் கொடுத்தது ஷோகேஸுக்குத்தான் போயிருக்கும்.

பிறகு காத்திருந்தோம். சித்திரை போயிற்று. நர்ஸம்மா ரயிலில் என்னைப் பார்த்து, தினம் எழுதுகிறேன் என்று சொன்னார். மளிகைக்காரரின் நோட்டை அவள் நேரில் போய், ஷோகேஸிலிருந்து எடுத்து, அவர் அலற அலறப் ‘புளி தீர்ந்துவிட்டது’ என்று எழுதிவிட்டு வந்திருந்தாள். அவரும் இப்போது கணக்கு எழுதுகிறாராம். எழுதுகிறார்கள். சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களில் ஒருவரும் இரண்டாவது நோட்டு வாங்க வரவில்லை. வைகாசி வெயிலில் பசை கிண்ணத்திலேயே காய்ந்தது. நிரம்பியிருக்க வேண்டுமே, நிரம்பியிருந்தால் வந்திருக்க வேண்டுமே என்று நான் கணக்குப் போட்டேன். அவள் கணக்குப் போடவில்லை. பள்ளிக்கூடப் புடவைகளை எடுத்துக் கஞ்சி போட்டு உலர்த்தினாள். அண்டா காலியாக இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்க ஆரம்பித்தேன்.

பள்ளி திறக்க ஒரு வாரம்கூட இல்லாதபோது, ஒரு மத்தியானம், கோவிலம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சந்தையில் வாங்கியவர். வீட்டுக்காரர் பல்லாவரத்தில் தோல் ஷெட்டில் வேலை செய்கிறாராம். “டீச்சரம்மா கீறாங்களா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, முந்தானையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கீழே வைத்தார்.

அது எங்கள் நோட்டு என்று அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தவளை மாதிரி ஊதியிருந்தது. உள்ளே எங்கள் தாளோடு கோடு போட்ட தாள், கோடு போடாத தாள், காலண்டர் தாள் எல்லாம் சேர்ந்திருந்தன. தோல் தைக்கிற தடித்த நூலால், சாக்கு ஊசியால், முதுகோடு சேர்த்துக் குத்தித் தைத்திருந்தார். முதுகு வெடித்திருந்தது. ஆனால் மயில்கழுத்து அட்டை அப்படியே இருந்தது, மூலைகூட மழுங்கவில்லை.

“நோட்டு ரொம்பிப்போச்சும்மா. அதான் நானே தாள வெச்சுத் தெச்சேன். இப்ப மூட மாட்டேங்குது, பேஜாரா கீது.”

ரொம்பிவிட்டது. அந்த வார்த்தையைக் கேட்டு அவள் என்னைப் பார்த்தாள். வியாபாரி என்ற முறையில் நான்தான் குறுக்கிட்டேன். நிரம்பியதும் இங்கே வந்து புது நோட்டு ஒன்று வாங்கியிருக்கலாமே என்றேன். அந்த அம்மா, நான் ஏதோ புருஷனை மாற்றச் சொன்ன மாதிரி பார்த்தார்.

“அட்ட நல்லாத்தான கீது சார்? அட்ட நல்லா கீறச்சொல்லோ எதுக்குப் புதுசு? இத்தத் தூக்கிப் போடவா சொல்ற?” பிறகு அவளிடம் திரும்பி, “நீ உள்ள கீற தாள மட்டும் மாத்திக் குடும்மா. எய்தினத தனியா கட்டிக் குடு, நான் வெச்சிக்கறேன். எங்க தெருவுல இன்னும் மூணு வூட்டுல இதே கததான், ரொம்பி வய்யுது. நான் கேட்டுகினு வந்து சொல்றேன்னு வந்தேன்.”

எனக்கு ஒரே சமயத்தில் அவமானமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. ஒருவர் ஆயுளுக்கும் தாங்குகிற அட்டையைச் செய்துவிட்டு, ஏன் யாரும் இரண்டாவது அட்டை வாங்க வரவில்லை என்று மூன்று மாசமாக முழித்துக்கொண்டிருந்தோம்.

அவள் அதற்குள் கத்தரியை எடுத்துத் தடித்த நூலை வெட்ட ஆரம்பித்திருந்தாள். தாள்கள் ஒவ்வொரு கட்டாக விடுபட்டு வந்தன. மேலே இருந்த பக்கத்தைப் பார்க்க நான் கழுத்தை நீட்டினேன். மாசக்கணக்காக என்னை அரித்த கேள்விக்குப் பதில் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. ‘இன்று கருவாட்டுக் குழம்பு’ என்று அவள் எழுதியது தெரிந்தது. அதற்குக் கீழே நெருக்கமாக ஏதோ. அந்த அம்மாவின் கை வந்து பக்கத்தை மூடியது.

“நீ படிக்கக் கூடாது சார். டீச்சரம்மா படிக்கலாம்.”

டீச்சரம்மா படித்தாள். ஒரு பக்கம், பிறகு இன்னொன்று. ஓர் இடத்தில் சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள், இன்னோர் இடத்தில் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினாள். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. கேட்டால், குழம்புதான் என்கிறாள்.

புதுத் தாளை மடித்து அடுக்கி, பழைய துளைகளிலேயே ஊசியை விட்டுப் பார்த்தாள். போயிற்று. நூலை மெழுகில் இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“நாளைக்குப் பள்ளிக்கூடம் போய்ப் பெரிய டீச்சரைப் பார்த்துட்டு வந்துடறேன்.”

“என்னன்னு சொல்லப்போறே?”

“வரலைன்னு.”

வாயைத் திறந்தேன். சொல்வதற்கு நிறைய இருந்தது: வாடகை, மூன்று வீட்டை நம்பி ஒரு தொழிலா, தாளை மட்டும் மாற்றிக் கொடுப்பதற்கு எவ்வளவு கேட்க முடியும். அவள் ஊசியில் நூலைக் கோத்து, முதல் முடிச்சைப் போட்டு, பல்லால் நுனியைக் கடித்தாள். நான் வெட்டிப்போட்ட பழைய நூலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அந்த அம்மாவுக்கு ஏதோ நடக்கிறது என்று மட்டும் பட்டிருக்கிறது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னாம்மா, எதுனா பெரிய விசயம் பேசிகினு கீறீங்களா? நான் வோணா அப்பால வரட்டா?”

“இல்லம்மா, உக்காருங்க,” என்றாள் என் மனைவி. “இந்த முனையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க, தளரக் கூடாது.”